திரையில் அறுபத்தொன்று

அந்தச் சேலையில் கோடுகள் அறுபத்தொன்று என்று மூன்று தடவை எண்ணினேன். முதல் தடவை பென்சில் முனையைத் திரையில் வைத்து இடமிருந்து வலமாக. இரண்டாம் தடவை வலமிருந்து இடமாக. மூன்றாம் தடவை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பத்துப் பத்தாகப் பிரித்து. மூன்று தடவையும் அறுபத்தொன்றுதான் வந்தது. அந்தச் சேலைக்கான தாளில் தொண்ணூற்றாறு என்று இருந்தது. தாளை எழுதியவனே நான் என்பதால் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

தாள் என்று நான் சொல்வது கட்டம் போட்ட வரைதாளை. ஒரு சேலைக்குக் கரையும் முந்தியும் உடலும் எப்படி வரவேண்டும் என்பதை முதலில் அதில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் தறியில் மற்ற வேலைகள் நடக்கும். காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவாளர் சங்கத்தில் முப்பத்தொரு வருஷம் அந்த வேலையைச் செய்தேன். ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆன பிறகு சங்கத்தில் கணினி வாங்கினார்கள். அதன் முன்னால் உட்கார ஆள் வேண்டும் என்று என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வாரத்துக்கு மூன்று நாள், காலை பத்திலிருந்து ஒன்று வரை. நெசவாளர்கள் கொண்டுவந்து கொடுக்கும் சேலை தாளில் உள்ளபடி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

முன்பு சேலையை மேசையில் விரித்துப் பார்ப்போம். விரிக்க இரண்டு பேர் வேண்டும், மடிக்கவும் இரண்டு பேர் வேண்டும். இப்போது கீழ்த்தளத்தில் சேலையைக் கம்பியில் தொங்கவிட்டு ஒரு படம் எடுத்ததும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அடிக்கடி பிரித்தால் ஜரிகை நலுங்கும் என்பது காரணம். படம் மாடியில் என் கணினிக்கு வந்துவிடும். மாடிக்குப் பதினேழு படி. ஒன்பதாவது படி மற்றவற்றைவிட அரை அங்குலம் உயரம். அதைப் பற்றி நான்கு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் நாற்காலிக்கு ஐந்து சக்கரம் இருக்க வேண்டும், நான்குதான் இருக்கிறது. அதைப் பற்றி இரண்டு தடவை.

கணினியில் எங்களுக்கென்றே எழுதி வாங்கிய மென்பொருள் ஒன்று உண்டு. திறந்தால் இடது பக்கம் சேலை எண்களின் பட்டியல் இருக்கும், வலது பக்கம் ஒரு சதுரச் சட்டம். பட்டியலில் ஒரு எண்ணைத் தொட்டால் அந்தச் சேலையின் படம் சட்டத்துக்குள் வந்து உட்காரும். எந்தப் படமானாலும் சட்டத்தின் நான்கு ஓரத்தையும் தொட்டு நிற்கும். ஒரு நூல்கூட இடம் மிச்சம் விடாது. எனக்கு ஒழுங்கு பிடிக்கும் என்பதால் அது ரொம்பப் பிடித்திருந்தது. கரையில் வரும் கோபுர முனைகள் எல்லாப் படத்திலும் கொஞ்சம் அமுங்கினாற்போல் தெரிந்ததையும் கவனித்தேன். படம் எடுக்கிற எழுத்தர் நேராக நிற்கவில்லை என்று முடிவு செய்து, அவரைப் பற்றியும் ஒரு தடவை எழுதிக் கொடுத்தேன்.

தொண்ணூற்றாறு கோட்டுச் சேலையை நெய்தவர் ஐயம்பேட்டைக்காரர். ஐம்பது வயது இருக்கும். வீட்டில் இரண்டு தறி, ஒன்றில் அவர், ஒன்றில் அவர் கணவர். இருபத்திரண்டு வருஷமாக எங்களுக்கு நெய்கிறார். அதில் நான் வேலையில் இருந்த வருஷங்களில் அவர் சேலைகளில் நான் குறை எழுதியது மூன்றே தடவை, மூன்றும் சின்ன விஷயம். இந்தச் சேலையின் உடல் அரக்கு நிறம், அதில் நீளவாக்கில் சன்னமான ஜரிகைக் கோடுகள். கோடுகளின் ஜரிகை, தறியில் நீளவாக்கில் கட்டும் பாவிலேயே ஓடும். அதற்கான ஜரிகையைச் சங்கத்தில்தான் எடை போட்டு வாங்கிக்கொண்டு போனார்.

கொண்டுவந்த சேலையையும் எடை போட்டிருந்தார்கள். எடை சரியாகத்தான் இருந்தது. அது எனக்கும் தெரியும். ஆனால் அது மழைக்காலம். பட்டு ஈரம் வாங்கி எடை ஏறும். குறைந்த ஜரிகையை அந்த ஈரம் ஈடுகட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையில் ஒரு எண் கிடைத்துவிட்டால் அதற்கு எதிராக இருப்பதையெல்லாம் நான் இப்படித்தான் ஒவ்வொன்றாக ஓரங்கட்டுவேன். சட்டத்துக்குக் கீழே குறிப்பு எழுதும் இடத்தில், ‘தாளில் 96, சேலையில் 61, 35 கோடு குறைவு’ என்று தட்டினேன். குறிப்பு எழுதினால் அந்தத் தறியின் எண் தானாகச் சிவப்பாகிவிடும். சிவப்பானால் வியாழக்கிழமை குழு கூடிப் பேசும் வரை அந்தத் தறிக்கு ஜரிகை கிடையாது. சங்கத்தின் விதி அது. அன்று வெள்ளிக்கிழமை. ஒரு மணிக்குப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜரிகை கொடுப்பது திங்கட்கிழமை. கீழே வரிசையில் நிற்பார்கள், எழுத்தர் தன் கணினியைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுப்பார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் குரல் பெரியது. பத்தரை மணிக்கு அவர் படித்தது எனக்கு மாடியில் தெளிவாகக் கேட்டது. முப்பத்தஞ்சு கோடு குறைவு, ஜரிகை நிறுத்தம். அதற்குப் பிறகு கீழே பேச்சே இல்லை. பாவில் முப்பத்தைந்து கோட்டு ஜரிகை இல்லை என்றால், நெசவு செய்கிறவர்களிடையே அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு: கொடுத்த ஜரிகையை நெய்தவர் எடுத்துக்கொண்டார்.

சேலையை நெய்தவர் படியேறி வந்தார். ஒன்பதாவது படியில் எல்லோரும் தடுமாறுவார்கள், அவர் தடுமாறவில்லை. மேசைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சார், சேலைய பிரிச்சி எண்ணீங்களா?”

படத்தில் எண்ணியதாகச் சொன்னேன். மூன்று தடவை எண்ணினேன் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

“படத்தையா நான் நெய்ஞ்சேன்?” என்றார்.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் குனிந்து, சுண்டுவிரல் நகத்தைத் திரையில் வைத்து, உதடு அசைய எண்ணினார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது தாண்டியதும் விரல் மெதுவாயிற்று. முடித்ததும் எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் அறுபத்தொன்று வந்திருந்தது.

எனக்கு அப்போது ஏற்பட்டது திருப்தி. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான். எதிரில் இருந்தவரோ தன் கையையே சந்தேகிக்கும் நிலைக்கு வந்துவிட்டார். சேலையைத் தறியிலிருந்து அறுத்து இறக்கியதும் வீட்டில் எண்ணினேனே, கணவரும் எண்ணினாரே என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தார். இந்தத் தடவை எண்ணவில்லை, சும்மா பார்த்தார். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் சில இடத்தில் அகலம், சில இடத்தில் நெருக்கம் என்று காட்டினார். தறியில் இழை நுழையும் அச்சுப்பல் எல்லாம் ஒரே இடைவெளியில் இருக்கும்போது கோடு இப்படிக் கோணல்மாணலாக வராது என்றார். இழை அறுந்து, சேர்க்காமல் விட்டால் வரும் என்றேன். அப்போதுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மூணு சேலைக்கும் ஒரே பாவு சார். மொத சேலையில தொண்ணூத்தாறு இருக்குதுன்னு நீங்கதான் கையெழுத்து போட்டீங்க. நடுவுல முப்பத்தஞ்சு கோடு எழுந்து எங்க போயிருக்கும்?”

முதல் சேலையை, நான் திரும்பி வந்த புதிதில், படம் எடுப்பது தொடங்குவதற்கு முன்னால் மேசையில் விரித்து நானே எண்ணியிருந்தேன். தொண்ணூற்றாறு. ஒரே பாவில் மூன்று சேலை வரும் என்பது இந்த ஊரில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரியும். இரண்டாம் சேலையில் இல்லாத கோடு மூன்றாம் சேலையில் திரும்ப வராது. மூன்றாம் சேலை இப்போது தறியில் இரண்டு முழம் நெய்தபடி நிற்கிறது, ஜரிகை இல்லாமல் அதற்கு மேல் கரையை நகர்த்த முடியாது, வேண்டுமானால் வந்து அதில் எண்ணிக்கொள்ளுங்கள், அதிலும் தொண்ணூற்றாறுதான் என்றார்.

அலமாரியைத் திறக்கலாம் என்றேன். சாவி செயலாளரிடம். செயலாளர் மாகறல் கோயிலில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். மூன்று மணிக்கு வருவாராம். அப்போது மணி பதினொன்று ஐந்து.

எதிரில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு வேலை ஓடாது. படத்தைக் கொஞ்சம் பெரிதாகக் காட்ட முடியுமா, கண் வலிக்கிறது என்று கேட்டார். மென்பொருளின் மேல் மூலையில் இருக்கும் சின்னச் சதுரத்தை அழுத்தினேன். சாளரம் திரை முழுக்க விரிந்தது, பட்டியல் கொஞ்சம் அகன்றது, படத்தின் சட்டமும் அதனோடு ஒரு அங்குலம் வளர்ந்தது. வழக்கம்போல் பென்சிலை எடுத்து எண்ணினேன்.

எழுபத்திரண்டு.

மறுபடி எண்ணினேன். எழுபத்திரண்டு. சாளரத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன், அறுபத்தொன்று. ஓரத்தைப் பிடித்து இழுத்துச் சின்னதாக்கினேன், நாற்பத்தெட்டு. எண்ணுகிறவன் தப்பு செய்யலாம், எண்ணப்படுகிற பொருள் மாறக்கூடாது. அறுபத்தெட்டு வயதில் ஒரே சேலை என் கண்முன்னால் மூன்று எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்பது வெவ்வேறு அளவில் வைத்துப் பார்த்து ஒன்பதையும் ஒரு தாளில் எழுதினேன். சட்டம் சிறுத்தால் கோடு குறைந்தது, பெருத்தால் கூடியது. மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அவர் அதை என்னைவிட முன்பே பிடித்துவிட்டார்.

“இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க சார். நான் எடுத்துக்கினு போன ஜரிகை எல்லாம் திரும்பி வந்துக்கினு இருக்குது” என்றார்.

நான் சிரிக்கவில்லை. சொன்னவரும் சிரிக்கவில்லை. அதற்கு மேல் பெரிதாக்கத் திரையில் இடம் இல்லை.

மூன்று மணி வரை அவர் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. டீ வரவழைத்தேன், குடிக்கவில்லை, ஆடை கட்டிப்போயிற்று. எனக்கு ஒரு மணிக்குச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் தலை சுற்றும். அன்று போகவில்லை. எதிரில் ஒருவர் பட்டினியாக இருக்கும்போது வீட்டுக்குப் போய்ச் சாப்பிட என்னால் முடியவில்லை. மூன்று இருபதுக்குச் செயலாளர் நெற்றியில் சந்தனத்தோடு வந்தார். விஷயத்தைக் கேட்டு அலமாரியைத் திறந்தார். எழுத்தர் ஒரு முனையும் நெய்தவர் ஒரு முனையும் பிடிக்க, மேசையில் சேலை விரிந்தது. இழை எண்ணும் பூதக்கண்ணாடியை எடுத்துத் துடைத்துக் கரையோரத்திலிருந்து ஆரம்பித்தேன். பதினான்கு நிமிஷம் ஆயிற்று.

தொண்ணூற்றாறு. இடைவெளி எல்லாம் ஒன்றுபோல இருந்தது. நான் குற்றம் சாட்டிய கோபுர முனைகளும் தாளில் நான் எழுதியபடியே கூராக இருந்தன.

தப்பு என்னுடையது என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஷேர் ஆட்டோ பிடிக்கப் போனார். குழுவுக்குக் காத்திருக்காமல் தன் பொறுப்பில் ஜரிகையை மறுநாள் தருவதாகச் செயலாளர் அவரிடம் சொன்னார். மென்பொருளை எழுதியவருக்கும் அங்கிருந்தே போன் செய்தார்.

மென்பொருளை எழுதியவர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கணினிக் கடை வைத்திருப்பவர். நாற்பது வயது, தென்னேரியில் விவசாயக் குடும்பம். செவ்வாய்க்கிழமை காலை பைக்கில் வந்து சேர்ந்தார். அது என் வேலைநாள் இல்லை, ஆனாலும் ஒன்பதே முக்காலுக்கே போய் உட்கார்ந்திருந்தேன். என் ஒன்பது எண்கள் எழுதிய தாளைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். கேமராப் படம் புள்ளிகளால் ஆனது, அகலத்தில் நாலாயிரம் புள்ளி. திரையில் அந்தச் சட்டத்தின் அகலம் ஐந்நூறு புள்ளிதான். நாலாயிரத்தை ஐந்நூறில் அடைக்க வேண்டும். அவர் எழுதிய மென்பொருள் எட்டுப் புள்ளிக்கு ஒரு புள்ளியை எடுத்து வைத்துவிட்டு மற்ற ஏழையும் தூக்கிப் போட்டுவிடுகிறது. அதுதான் வேகமான வழி, முகப் படம், வீட்டுப் படம் என்றால் வித்தியாசமே தெரியாது என்றார். சேலையின் ஜரிகைக் கோடு படத்தில் ஐந்து புள்ளி அகலம். எடுக்கிற புள்ளி கோட்டின் மேல் விழுந்தால் கோடு தெரியும், பக்கத்தில் விழுந்தால் அந்தக் கோடே இல்லை. எட்டில் ஐந்து தடவை மேலே விழும், மூன்று தடவை தப்பும்.

தொண்ணூற்றாறை எட்டால் வகுத்து ஐந்தால் பெருக்கிப் பார்த்தேன். அறுபது. திரையில் வந்தது அறுபத்தொன்று. எனக்கு அந்த நேரத்தில் அவர்மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. கணக்கு இருந்தது, அது சேலையின் கணக்காக இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் வேலையிலும் பெரிய கரையைச் சின்னக் கரையாக்கச் சொல்லிக் கேட்பார்கள் என்று அவரிடம் சொன்னேன். அப்போது நாங்கள் எட்டுக்கு ஒரு கட்டம் என்று எடுக்க மாட்டோம். எடுத்தால் மாங்காய்க்குக் காம்பு போய்விடும், மயிலுக்குக் கால் போய்விடும். சின்ன அளவுக்கு எது தாங்கும் என்று பார்த்துப் புதிதாக எழுதுவோம். அவர் சரி என்று உட்கார்ந்து ஏதோ மாற்றினார். இப்போது எட்டுப் புள்ளியையும் கலந்து ஒரு புள்ளியாக்கும் என்றார். படத்தைத் திறந்தார். எண்ணினேன், தொண்ணூற்றாறும் இருந்தது. ஆனால் ஜரிகை வெளிறிப்போயிருந்தது. தங்கத்தில் அரக்கு கலந்து, பத்துத் தடவை துவைத்த பழஞ்சேலை மாதிரி ஆகிவிட்டது. இதைப் பார்க்கிறவர் ஜரிகை மட்டம் என்று சொல்வார் என்றேன்.

“எங்க ஊர்ல நெல்ல எண்ண மாட்டோம் சார், அளப்போம்” என்றார் அவர். “நேத்து வரைக்கும் இது எட்டு நெல்லுக்கு ஒண்ணு பொறுக்கி எண்ணிக்கினு இருந்திச்சி. இப்போ அளக்குது. அளந்தா மொத்தம் சரியா இருக்கும், ஒவ்வொரு மணியும் தனியா தெரியாது.”

சொன்னது சரிதான். எடையை நம்பாமல் எண்ணை நம்பிய ஆளிடம் அதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

கோபுர முனைகள் அமுங்குவதையும் காட்டினேன். படம் அகலம் அதிகம், உயரம் குறைவு. சட்டம் சதுரம். நான்கு ஓரத்தையும் தொடவேண்டும் என்பதற்காகப் பக்கவாட்டில் மட்டும் கூடுதலாக நெருக்கியிருக்கிறது, கரையிலிருந்து உடல் பக்கமாக நீளும் முனைகள் அதில் அமுங்கிவிட்டன. இது எனக்குப் பழக்கமான தப்பு. துணியில் ஒரு அங்குலத்துக்குப் பாவு இழை எத்தனையோ அத்தனை, குறுக்கே ஓடும் ஊடை இழை இருக்காது. அதனால் எங்கள் வரைதாளின் கட்டமும் சதுரமாக இருக்காது, இழைக் கணக்குக்குத் தக்கபடி ஒரு பக்கம் நீண்டிருக்கும். அது தெரியாமல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாதாரணச் சதுரக் கட்டத் தாளில் ஒரு அன்னம் எழுதிக் கொடுத்தேன். தறியில் அது வாத்தாக வந்தது. பழைய வரைதாள் ஒன்றைப் பீரோவிலிருந்து எடுத்து அவருக்குக் காட்டினேன். கட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார். அன்னம் வாத்தான கதைக்குச் சிரித்தார். பிறகு அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் சுருங்கும்படி மாற்றினார். முனைகள் கூரானது வாஸ்தவம். ஆனால் சட்டத்தில் மேலும் கீழும் வெற்று இடம் விழுந்தது. அது இன்றைக்கும் என் கண்ணை உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னும் இரண்டு காரியம் செய்யச் சொன்னேன். ஒன்று, படத்தைச் சுருக்காமல் புள்ளிக்குப் புள்ளி காட்ட ஒரு பொத்தான். அப்போது சேலையின் ஒரு பகுதிதான் சட்டத்துக்குள் வரும், நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். சட்டத்துக்குப் பன்னிரண்டு கோடு, எட்டுச் சட்டம். இரண்டாவது, சுருக்கிய படத்துக்குக் கீழே ஒரு வரி: ‘இது சிறிதாக்கிய படம். இதில் எண்ண வேண்டாம்.’ இதெல்லாமா எழுதுவாங்க என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

அவர் கிளம்புகிற நேரத்தில் ஐயம்பேட்டைக்காரர் ஜரிகை வாங்க வந்து, மாடிக்கும் வந்தார். மென்பொருள்காரர் அவரிடம் வருத்தம் தெரிவித்தார். வெள்ளிக்கிழமை நான் எழுதிய குறிப்பை உள்ளே போய் அழித்துவிட முடியும், எழுதிய தடமே இருக்காது, வியாழக்கிழமை குழுவுக்கு ஒன்றும் போகாது என்றார். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. முப்பத்தொரு வருஷத்தில் என் எண்ணிக்கை தப்பு என்று நான் எங்கும் எழுதியதில்லை. அழிக்கச் சொல்லலாம் என்று ஐயம்பேட்டைக்காரரைப் பார்த்தேன்.

“அழிச்சிட்டா கம்ப்யூட்டரு மறந்துடும்” என்றார் அவர். “நேத்து வரிசையில பதினோரு பேரு நின்னுக்கினு இருந்தாங்க சார். அவங்களுக்கு யாரு போயி அழிக்கிறது?”

பதினோரு பேர் என்று உறுதியாகத் தெரியுமா என்று கேட்டேன். இப்போது யோசித்தால் அது கேட்க வேண்டிய கேள்வியே இல்லை. அவர் ஒவ்வொருவராகத் தெருவைச் சொல்லி, தறியைச் சொல்லி விரல் மடக்கினார். பதினொன்று. மென்பொருள்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நெய்யிற ஊர்ல வாயத் தொறந்தா நம்பருதான் என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார். ஒன்பதாவது படியில் தடுமாறினார்.

குறிப்பை அழிக்கவில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன். ‘சேலையை விரித்து எண்ணியதில் 96. முந்தைய எண்ணிக்கை என் பிழை.’ என் பணி எண்ணையும் போட்டேன். வியாழக்கிழமை குழு அதற்கு எடுத்துக்கொண்டது நான்கு நிமிஷம். கணினிக் கோளாறு என்று எழுதிவிடலாமே, எதற்கு உங்கள் பேரில் என்று ஒரு உறுப்பினர் கேட்டார். கணினி தன்னால் முடிந்ததைக் காட்டியது, சேலையில் எண்ண வேண்டியதைப் படத்தில் எண்ணியது நான் என்றேன். சிவப்பு போய்விட்டது.

பதினோரு பேர் மிச்சம் இருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் மாடிக்குப் போகவில்லை. கீழே எழுத்தரின் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்குக் குரல் சின்னது, அதனால் இரண்டு தடவை சொன்னேன். போன வாரம் படித்த குறிப்பு தப்பு, அந்தச் சேலையில் தொண்ணூற்றாறு கோடும் இருக்கிறது, ஒரு கோடும் குறையவில்லை, தப்பாக எண்ணியவன் நான். வரிசையில் இருந்த ஒருவர், சரி சார், ஜரிகையைக் கொடுக்கச் சொல்லுங்க, வேலை இருக்குது என்றார். அந்தப் பதினோரு பேரில் அன்று வந்திருந்தவர்கள் ஒன்பது.

பத்தாவது ஆள் எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி இருப்பவர், காய்ச்சலில் படுத்திருந்தார். மாலையில் போய்ச் சொன்னேன். பாயில் படுத்தபடியே கேட்டுவிட்டு, எந்தச் சேலை சார், எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே என்றார். முதலிலிருந்து விளக்க வேண்டியதாயிற்று. சொல்லி முடிக்கும்போது, சொல்லாமலே விட்டிருக்கலாமோ என்றும் பட்டது. இருந்தாலும் பத்து.

பதினோராவது ஆள் ஐயம்பேட்டையில், அந்தச் சேலையை நெய்தவருக்கு அடுத்த தெரு. செவ்வாய்க்கிழமை ஷேர் ஆட்டோவில் போனேன். ஆறு பேர் உட்காரும் வண்டியில் ஒன்பது பேர். முழங்கால் வலி நான்கு நாள் இருந்தது. அவர் தறியை நிறுத்தாமலே நான் சொன்னதைக் கேட்டார். முடிந்ததும்தான் நிறுத்தினார்.

“ஒரே பாவுல எப்படி சார் கோடு கொறையும்?” என்றார். “அன்னிக்கே நாங்க வெளிய வந்து சிரிச்சோம். படிச்ச மனுஷன் இப்படி எழுதிக்கிறாரே, உடம்பு கிடம்பு சரியில்லையா இன்னான்னு பேசிக்கினோம்.”

எல்லோருமா என்று கேட்டேன். எல்லோரும்தான் என்றார். சேலையை நெய்தவரைச் சந்தேகித்த ஆள் அந்த வரிசையில் ஒருவரும் இல்லை என்றால் நான் அலைந்தது வீண் என்று ஆகிறது. திரும்பி வரும் வழியில் சேலையை நெய்தவர் வீட்டு வாசலில் நின்று அதையே சொன்னேன், அவர்கள் யாரும் நம்பவில்லையாம் என்று. உள்ளே அவர் கணவரின் தறி ஓடும் சத்தம் கேட்டது. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு, அது எனக்கு நீங்க சொல்லித்தான் தெரியுது சார், என்கிட்ட யாரும் வந்து சொல்லலையே என்றார். எட்டு நாள் அவர் தெருவில் எப்படி நடந்திருப்பார் என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன்.

மூன்றாம் சேலை பதினைந்து நாள் கழித்து வந்தது. கீழே கம்பியில் தொங்கவிட அவர் விடவில்லை. மடித்தபடியே எடுத்துக்கொண்டு பதினேழு படியும் ஏறி வந்து, படம் அப்புறம் எடுக்கட்டும் என்று என் மேசையில் வைத்தார். ஒரு முனையை அவரே பிரித்தார். நான் பூதக்கண்ணாடியை வைத்து இடது கரையிலிருந்து ஆரம்பித்தேன். அவர் கண்ணாடி இல்லாமல் சுண்டுவிரல் நகத்தால் வலது கரையிலிருந்து ஆரம்பித்தார். நடுவில் என் கை அவர் கையைத் தாண்டிப் போனபோது இரண்டு பேருமே நிறுத்தவில்லை. அவர் எனக்கு முன்னால் முடித்துவிட்டு, எண்ணைச் சொல்லாமல், நான் முடிக்கும் வரை காத்திருந்தார்.